எரிமலைத் தீவும் அதைக் காக்கும் கைகளும்

ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான கனேரியத் தீவுகள் ஐரோப்பாவின் கரையோரத்தில் இருப்பவை அல்ல. ஆபிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அண்மையில், அத்திலாந்திக் சமுத்திரத்தில் அவை கிடக்கின்றன. அவற்றுள் வடகிழக்குப் பக்கமாக அமைந்திருக்கும் தீவு லன்சரோட்டே. ஆபிரிக்கக் கரை அங்கிருந்து சுமார் 125 கிலோமீற்றர் தூரம்தான். ஸ்பெயினின் பெருநிலமோ ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. 846 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இத்தீவில் ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். ஆனால் ஆண்டொன்றுக்கு அங்கு வந்து போகும் உல்லாசப் பயணிகளின் தொகை சுமார் 30 இலட்சம்.

லண்டனில் வாழும் எனது பெரியம்மாவின் மகள் தன் குடும்பத்துடன் ஒரு வார விடுமுறைக்கு அங்கு சென்றபோது நானும் சேர்ந்துகொண்டேன். "நாலு மணித்தியாலத்தில குளிரை விட்டு வெயிலுக்கு வந்திடலாம். அதுதான் இஞ்ச எல்லாரும் வருகினம்" என்றார் அக்கா. உண்மைதான். மாரிகாலத்திலும் அங்கு குளிர் கடுமையாக இருப்பதில்லை. பிரித்தானியர், ஜேர்மானியர், ஐரிஷ்காரர் என விமானம் விமானமாக வந்து இறங்குகிறார்கள். பெரும்பாலானோர் நீச்சல் தடாகத்துக்கும் கடற்கரைக்கும் இடையில் ஒரு வாரத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆனால் இத்தீவில் பார்க்க வேண்டியவை வேறு பல உண்டு. அவற்றைப் பார்க்கப் பார்க்க, இந்த அழகு யாருடைய உழைப்பு என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

நெருப்பு மலைகள்

1730ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி இரவு, திமன்ஃபாயா என்னும் ஊருக்கு அருகே நிலம் பிளந்தது. அன்று தொடங்கிய எரிமலைச் சீற்றம் 1736 ஏப்ரல் வரை, ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் நீடித்தது. தீவின் காற்பங்கு நிலம் எரிமலைக் குழம்பின் கீழ் மறைந்தது. ஊர்கள் புதைந்தன. தானியம் விளைந்த நல்ல நிலங்கள் கல்லாகின. யைசா என்னும் ஊரின் பங்குத்தந்தை அந்தச் சீற்றத்தின் தொடக்க காலத்தை நாட்குறிப்பாக எழுதிவைத்ததால், அன்று நடந்தவற்றை இன்றும் நாம் அறிய முடிகிறது. வீடு வாசல் இழந்த பலர் அயல் தீவுகளுக்குச் சென்றார்கள்.

அந்த இடமே இன்று திமன்ஃபாயா தேசியப் பூங்கா. 1974இல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி 51 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. கறுப்பு, செம்மண் நிறம், காவி, மஞ்சள் எனப் பல நிறங்களில் குன்றுகள் நிற்கின்றன. மரம் ஒன்றுகூட இல்லை. இதற்குள் யாரும் நினைத்தபடி நடந்து திரிய முடியாது. வாகனத் தரிப்பிடத்தில் இறங்கி, பூங்காவின் பஸ்ஸில் ஏறி, 14 கிலோமீற்றர் நீளமான பாதையில் சுற்றி வரவேண்டும். நடக்க விரும்புவோர் பெரும்பாலும் முன்கூட்டியே பதிவுசெய்து வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும். கால் பட்டால் நொறுங்கும் நிலம் அது. பாறைகளில் ஒட்டி வளரும் பாசிக் காளான்கள் ஓரங்குலம் பரவவே நீண்ட காலம் எடுக்கும்.

பஸ் புறப்படும் மேட்டில் பூமியின் சூடு இன்னும் ஆறவில்லை. சில மீற்றர் ஆழத்திலேயே பல நூறு பாகை வெப்பம் இருக்கிறது. பணியாளர் ஒருவர் காய்ந்த செடிகளைக் குழிக்குள் தள்ள, அவை தாமாகவே தீப்பற்றுகின்றன. குழாய்க்குள் ஒரு வாளி நீரை ஊற்றினால் மறுகணம் அது நீராவியாகச் சீறி எழுகிறது. பக்கத்து உணவகத்தில் அந்த நிலத்துச் சூட்டிலேயே இறைச்சியை வாட்டிப் பரிமாறுகிறார்கள்.

சாம்பலில் விளைந்த திராட்சை

எரிமலைக்குப் பின் எஞ்சிய மக்கள் என்ன செய்தார்கள் என்பதை லா ஹேரியா பள்ளத்தாக்கில் காணலாம். லன்சரோட்டேயில் ஆண்டு மழைவீழ்ச்சி 200 மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆறு, குளம் எதுவுமில்லை. ஆனால் நிலத்தை மூடிய கரிய எரிமலைச் சரளை, இரவுப் பனியின் ஈரத்தை உறிஞ்சி, பகல் வெயிலில் அது ஆவியாகாமல் காப்பதை விவசாயிகள் கண்டுகொண்டார்கள். சரளையைத் தோண்டி, புனல் வடிவில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட குழிகளை அமைத்து, அடியிலுள்ள பழைய மண்ணில் ஒரு திராட்சைக் கொடியை நட்டார்கள். ஓயாது வீசும் காற்றிலிருந்து கொடியைக் காக்க, குழியின் ஒரு பக்கம் பிறைநிலா போன்ற கல்லணை ஒன்றைச் சாந்தில்லாமல் அடுக்கினார்கள்.

ஒரு குழிக்கு ஒரு கொடி, சிலவற்றில் இரண்டு. இப்படி ஆயிரக்கணக்கான குழிகள் மலைச்சரிவெங்கும் வரிசை வரிசையாகத் தெரிகின்றன. இயந்திரம் நுழைய வழியில்லாததால் இன்றும் எல்லாம் கையால் செய்யும் வேலையே. சரளை சரிந்தால் அள்ளிப் போட வேண்டும், கல் விழுந்தால் அடுக்க வேண்டும். பயணிகள் வீதியோரம் நின்று படம் எடுக்கும் அந்தக் காட்சி பசியின் நிமித்தம் உண்டாக்கப்பட்ட ஒரு தோட்டம். பராமரிப்பு நின்றால் சில ஆண்டுகளில் குழிகள் தூர்ந்துவிடும்.

குகைகளும் குருட்டு நண்டும்

தீவின் வடபகுதியில் கொரோனா என்னும் பழைய எரிமலை உண்டு. அது கக்கிய குழம்பு ஓடிய பாதை, நிலத்தின் கீழ் ஆறு கிலோமீற்றர் நீளச் சுரங்கமாகக் கடல்வரை செல்கிறது. அதன் ஒரு பகுதியே குவேவா டி லோஸ் வெர்டெஸ் என்னும் குகை. கடற்கொள்ளையர் ஆட்களைப் பிடித்து அடிமைகளாக விற்ற காலத்தில் ஊர் மக்கள் இதற்குள் ஒளிந்து உயிர் தப்பினார்கள். இக்குகையின் முடிவில் ஓர் இரகசியம் இருக்கிறது. அதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று வழிகாட்டி கேட்டுக்கொள்கிறார். எனவே நானும் சொல்லப்போவதில்லை.

அதே சுரங்கம் கடலை அண்டும் இடத்தில் ஹமேயோஸ் டெல் அகுவா இருக்கிறது. குகைக்குள் ஓர் உப்புநீர்க் குளம். அதில் விரல்நகம் அளவேயான வெண்ணிற நண்டுகள் வாழ்கின்றன. இருளில் வாழ்வதால் அவற்றுக்குப் பார்வை இல்லை. சிறு சத்தமும் அவற்றைக் கலைத்துவிடும். குளத்தில் நாணயம் போடுவது தடை. காசின் உலோகம் கரைந்து அவற்றைக் கொன்றுவிடும் என்பதே காரணம்.

ஒரு கலைஞரின் பிடிவாதம்

இந்தக் குகையைப் பாழாக்காமல் மக்கள் பார்க்கும் இடமாக மாற்றியவர் செசார் மன்ரிக்கே. 1919இல் தீவின் தலைநகரான அரெசிஃபேயில் பிறந்த ஓவியர். 1960களில் நியூயோர்க்கில் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பினார். உல்லாசப் பயணத்துறை அப்போதுதான் தீவை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. வானளாவிய ஹோட்டல்கள் வேண்டாம், வீதியோர விளம்பரப் பலகைகள் வேண்டாம், வீடுகள் தாழ்வாகவும் வெள்ளைச் சுவருடனும் இருக்கட்டும் என்று அவர் வற்புறுத்தினார். தீவுச் சபையும் அவருக்குத் துணைநின்றது. தீவின் வட முனையில் லா கிராசியோசா தீவை நோக்கியபடி பாறைக்குள் மறைந்திருக்கும் மிராடோர் டெல் ரியோ என்னும் காட்சிக்கூடம் (1973), குவாத்திசா ஊரில் கைவிடப்பட்ட சரளைக்குழியில் உருவான கள்ளித் தோட்டம் (1990) ஆகியனவும் அவரது படைப்புகள்.

இந்த இடங்கள் பலவும் இன்றும் தீவுச் சபையின் உடைமை. நுழைவுச்சீட்டுப் பணம் பொது நிறுவனம் ஒன்றுக்கே போகிறது. தனியாருக்கு விற்கப்படாத அழகு என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆயினும் 1980களில் கடற்கரையோரக் கட்டடங்கள் பெருகியபோது மன்ரிக்கே தீவு அழிகிறது என்று பகிரங்கமாகக் குரல் கொடுத்தார். 1992 செப்டெம்பரில் வாகன விபத்தில் இறந்தார். மறு ஆண்டில் யுனெஸ்கோ முழுத் தீவையும் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. 2019இல் விமான நிலையத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.

உதட்டுச் சாயத்தின் பின்னால்

கள்ளித் தோட்டத்தைச் சுற்றியுள்ள குவாத்திசா, மாலா ஊர்களில் வயல் வயலாக நாகதாளி நிற்கிறது. அதன் மடல்களில் வெண்ணிறத் தூள் அப்பியதுபோல் கொச்சினீல் என்னும் பூச்சிகள் ஒட்டியிருக்கின்றன. அவற்றை நசுக்கினால் கடுஞ்சிவப்புச் சாயம் வரும். 19ஆம் நூற்றாண்டில் இது கனேரியத் தீவுகளின் பெரிய ஏற்றுமதியாக இருந்தது. செயற்கைச் சாயங்கள் வந்ததும் வியாபாரம் சரிந்தது. உதட்டுச் சாயத்திலும் சில இனிப்புகளிலும் பானங்களிலும் இந்தச் சிவப்பு இன்றும் பயன்படுகிறது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் கனேரியக் கொச்சினீலுக்குப் பாதுகாக்கப்பட்ட பெயர் என்ற தகுதியை அளித்தது.

முள் நிறைந்த இந்த வயல்களில் பூச்சிகளைச் சுரண்டி எடுத்த கைகளில் பெண்களின் கைகள் ஏராளம். கனேரியத் தீவுகளில் சக்கரம் இல்லாமல் மட்பாண்டம் வனைந்தவர்களும் பெண்களே. ஆண்கள் ஆபிரிக்கக் கரைப்பக்கம் மீன்பிடிக்கச் சென்றபோது, அரெசிஃபேயின் மீன் தகரத்திலடைக்கும் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களும் பெரும்பாலும் பெண்களே.

அறையைச் சுத்தம் செய்பவர்கள்

இன்று அந்தத் தீவுப் பெண்கள் பலரின் தொழிலிடம் ஹோட்டல். காலையில் நாங்கள் வெளிக்கிடும்போது, விரிப்புகளும் துவாய்களும் குவிந்த வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வருவார். மாலையில் திரும்பினால் அறை பளிச்சென்றிருக்கும். யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. சமூகவியலில் இதைக் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு என்பார்கள்.

ஸ்பெயினில் இந்தப் பெண்கள் தம்மைக் கண்ணுக்குத் தெரியச் செய்தார்கள். சுத்தம் செய்பவர்கள் என்று பொருள்படும் ஸ்பானியத் தொடரைச் சுருக்கி 'லாஸ் கெலிஸ்' என்று தமக்குப் பெயரிட்டு, 2016இல் சங்கமாகத் திரண்டார்கள். ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட அறைகள் ஒருவர் தலையில் சுமத்தப்படுகின்றன, வேலையை வெளி நிறுவனங்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்துச் சம்பளத்தைக் குறைக்கிறார்கள் என்பன அவர்களின் முறைப்பாடுகள். கனமான மெத்தையைத் தூக்கித் தூக்கி முதுகும் மணிக்கட்டும் நோய்ப்படுகின்றன. மாத்திரை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவது அவர்களிடையே சாதாரணமாகியிருந்தது. 2018 ஏப்ரலில் அவர்கள் நாட்டின் பிரதமரையே நேரில் சந்தித்தார்கள். அதே ஆண்டில் அவர்களது மணிக்கட்டு நோய் போன்றவை தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டன. மத்தியதரைக் கடலிலுள்ள ஸ்பெயினின் பலேயாரிக் தீவுகளில், உயர்த்தித் தாழ்த்தக்கூடிய கட்டில்களை ஹோட்டல்களில் கட்டாயமாக்கும் சட்டம் 2022இல் வந்தது. தட்டில் வைத்துக் கிடைத்த சலுகைகள் அல்ல இவை. அதிகம் படித்திராத பெண்கள் பலர் கூடிப் பெற்றவை.

கடலும் எல்லையும்

தெற்கில் பப்பகாயோ கடற்கரைகள் பொன்மணலும் தெளிந்த நீருமாக இருக்கின்றன. மேற்குக் கரையில் எல் கொல்ஃபோ என்னும் இடத்தில் கரிய மணலுக்கு நடுவே பச்சைநிறக் குட்டை ஒன்று. அருகே ஹனுபியோ உப்பளம். பிளாயா பிளாங்கா கரைக்கு அப்பால் கடலடியில் 2016இல் திறக்கப்பட்ட சிற்பக் காட்சியகம் இருக்கிறது. சுழியோடிகள் மட்டும் பார்க்கக்கூடிய அங்கே, அகதிகளை ஏற்றிய படகு ஒன்றும் சிலையாக வைக்கப்பட்டுள்ளது. அது கற்பனையல்ல. 2024ஆம் ஆண்டில் மட்டும் 46,000க்கும் மேற்பட்டோர் ஆபிரிக்கக் கரையிலிருந்து படகுகளில் கனேரியத் தீவுகளை வந்தடைந்தார்கள். வழியில் கடலோடு போனவர்கள் பலர். ஒரே கடல் ஒருவருக்கு விடுமுறையாகவும் இன்னொருவருக்கு உயிர்ப்பயணமாகவும் இருக்கிறது.

தீவு மக்களுக்கும் கவலை உண்டு. குடிநீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்தே பெறப்படுகிறது. வீடுகள் பல பயணிகளுக்கு நாட்கணக்கில் வாடகைக்கு விடப்படுவதால் உள்ளூர்வாசிகளுக்கு வாடகை எட்டாத உயரத்தில் இருக்கிறது. பயணிகளின் படுக்கையை விரிக்கும் பெண்ணுக்குத் தன் பிள்ளைகளுடன் குடியிருக்க ஓர் அறை கிடைப்பது கடினமாகிவிட்டது. 2024 ஏப்ரல் 20ஆம் திகதி, கனேரியத் தீவுகளுக்கு ஓர் எல்லை உண்டு என்ற கோஷத்துடன் எல்லாத் தீவுகளிலும் பல்லாயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கினார்கள். 2025 மே மாதத்திலும் திரும்பவும் திரண்டார்கள். அவர்கள் பயணிகளை வெறுப்பவர்கள் அல்ல. வருமானத்தில் பங்கும், வாழ இடமும், வளர்ச்சிக்கு ஓர் அளவும் கேட்கிறார்கள்.

போக வாய்ப்புக் கிடைக்கும் சகோதரிகள் கட்டாயம் போய்ப் பாருங்கள். வாடகைக் கார் இல்லாவிட்டாலும் பஸ் வசதி உண்டு. திமன்ஃபாயாவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய தலைநகரான தெகிசேயில் சந்தை கூடும். உள்ளூர்ப் பெண்கள் விற்கும் வெண்ணெய்க்கட்டியையும் தேனையும் அவர்களிடமே வாங்குங்கள். எரிமலைக் கல்லைப் பொறுக்கி வராதீர்கள். அறையை விட்டுப் புறப்படும்போது துவாய்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்து, கட்டிலருகே அந்தப் பெண்ணுக்கென ஒரு சிறு தொகையும் வைத்துவிட்டு வாருங்கள். காணக் கிடைத்த அழகைக் காத்துவைத்திருப்பவர்களுள் அவரும் ஒருவர்.