ஏழடிப் பாட்டத்தில் மழைக்கு ஒதுங்கியபோது

கல்லூரி இரண்டாம் ஆண்டில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழு நாள் தங்கினோம். பகலெல்லாம் ஊருணிக் கரையில் கருவேல முள் வெட்டுவோம். இரவில் வகுப்பறைத் தரையில் ஜமுக்காளம் விரித்து, துணிப்பையைத் தலைக்கு வைத்துப் படுப்போம். பின்னாளில் ஏலகிரியில் கூடாரம் அடித்துத் தங்கியதுண்டு. ஆனாலும் முகாம் என்ற சொல்லைக் கேட்டால் அந்த ஜமுக்காளமும் சித்தன்னவாசல் மலையும்தான் நினைவுக்கு வருகின்றன.

சித்தன்னவாசலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அறிவர் கோயிலின் தாமரைக் குள ஓவியத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்கப் போய்விடுவார்கள். முகாமின்போது ஒரு நாள் அங்கே போன நாங்கள் நாலு பேர் மட்டும் மேலே ஏறினோம். அங்குள்ள சமணர் குகைக்குப் போகும் வழியில், சரிவான பாறையில் கால் வைக்க ஏழு குழிகள் வெட்டியிருக்கிறார்கள். ஏழடிப் பாட்டம் என்ற பெயர் அதனால்தான். ஒரு கை பாறையைத் தடவிக்கொண்டே வர, மறு கைக்குப் பிடிக்க அன்று ஒன்றும் இருக்கவில்லை.

உள்ளே 17 கற்படுக்கைகள். கம்பித் தடுப்புக்குள் கைவிட்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். பல தலைமுறை அரைத்த அம்மியின் வழவழப்பு. தலைமாட்டில், அதே கல்லிலேயே சற்று மேடாகத் தலையணை. பையை மடக்கி மடக்கிக் கழுத்து வலி கண்டிருந்த எனக்கு அந்த மேட்டைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

இருப்பதில் பெரிய படுக்கையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. காலம் கி.மு. முதல் நூற்றாண்டு. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக இளையர் என்பவர் செய்து கொடுத்தது என்கிறது. எருமி நாடு மைசூர்ப் பகுதி என்பது அறிஞர் கருத்து. எங்கோ பிறந்தவருக்கு இங்கே ஒருவர் பாய் விரிப்பதுபோல் பாறையைச் செதுக்கித் தந்திருக்கிறார்! பல நூற்றாண்டு கழித்து வந்த துறவிகளின் பெயர்களும் உண்டு: திருநீலன், திருப்பூரணன். அவற்றைப் படித்ததும் எங்களில் ஒருவன் தன் பெயரையும் எழுதக் கரித்துண்டு தேடினான். முதுகில் ஒன்று வைத்தோம்.

அப்போதுதான் மழை பிடித்தது. தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரும் உள்ளே வந்து ஒதுங்கினார்.

சமணத் துறவிகளுக்கு வீடு கிடையாது. ஊர் ஊராக நடந்துகொண்டே இருக்க வேண்டும். மழைக்காலம் நான்கு மாதம் மட்டும் நடக்கக் கூடாது. ஈர மண்ணில் புழுவும் பூச்சியும் பெருகும், காலடி பட்டுச் சாகும் என்பதால் ஓரிடத்தில் தங்கிவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் இதுவும் ஒரு முகாம்தான், எங்களுடையதைவிடக் கொஞ்சம் நீளமானது. மதுரையைச் சுற்றியுள்ள இத்தகைய குகைகள் பலவற்றில் வாயிலுக்கு மேலே, நெற்றியில் காடி வெட்டியிருப்பார்கள். பாறை வழியே வழியும் மழைநீர் அந்த விளிம்பைத் தொட்டதும் உள்ளே வராமல் வெளியே சொட்டிவிடும். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் பறிக்கத் தெரியாமல் ஏலகிரியில் நனைந்தபோது காடி வெட்டிய கொத்தனை நினைத்துக்கொண்டேன். மதுரைப் பக்கத்துச் சனங்கள் சமணரை மறந்துபோய்ப் பல இடங்களில் இவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்கிறார்கள். அதுவும் வனவாசத்தில் தங்கியவர்கள் கதைதானே.

ஒரு மணி நேரத்தில் மழை விட்டது. நாங்கள் எழுந்தோம். பெரியவர் எழவில்லை.

“எறங்கிறாதீங்க தம்பி. மழை விட்டாப் போதுமா? பாறை காயணும்ல.”

பாறை காய்ந்து, அந்த ஏழு குழிகளிலும் கால் வைத்து இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் திட்டு தயாராக இருந்தது. உப்புமா தீர்ந்திருந்தது.