மழைக்கால இரவும் மீன்தொட்டியும்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரையில் எங்கும் மழையைப் பற்றிய பேச்சுத்தான். வடகிழக்குப் பருவமழை மார்ச் மாதம் வரையிலும் நீடிக்கும். கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் அரிசி, மெழுகுவத்தி, கைவிளக்கு ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது பல குடும்பங்களுக்குப் பழகிப்போன வேலை. வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவருக்கோ கூடுதலாக ஒரு கவலை உண்டு. மின்சாரம் போய்விட்டால் மனிதர்கள் இருட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். தொட்டிக்குள் இருக்கும் கோமாளி மீனால் அப்படிக் காத்திருக்க இயலாது.

வீட்டில் தாத்தா இருந்தால், “தண்ணீரிலேயே வாழும் மீனுக்கு எப்படியப்பா மூச்சு முட்டும்?” என்று கேட்பார். நியாயமான கேள்விதான். மீனும் உயிர்வளியைத்தான் சுவாசிக்கிறது. ஆனால், நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியை மட்டுமே அதனால் எடுத்துக்கொள்ள முடியும். நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் உயிர்வளி கரையும். அதே வெப்பத்தில் கடல்நீரில் கரைவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நீர் சூடாக ஆக இந்த அளவு இன்னும் குறையும். தொட்டியில் இயங்கும் பம்பு நீரின் மேற்பரப்பை ஓயாமல் கலக்கிக்கொண்டிருப்பதால்தான் காற்றிலுள்ள உயிர்வளி நீருக்குள் தொடர்ந்து சேர்கிறது. பம்பு நின்றால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். மீன்கள் நெருக்கமாக உள்ள தொட்டியில் சில மணி நேரத்திலேயே அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கும். இரவு நேரமென்றால் நிலைமை இன்னும் மோசம். வெளிச்சம் இல்லாதபோது பாசிகள் உயிர்வளியை வெளியிடுவதில்லை. அவையும் அதைப் பயன்படுத்தவே செய்கின்றன. அதனால், விடியற்காலையில்தான் உயிர்வளி மிகக் குறைந்திருக்கும்.

இது சிறிய தொட்டிகளுக்கு மட்டும் வரும் ஆபத்து அன்று. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரினா சூறாவளி தாக்கியது. ஆற்றங்கரையில் இருந்த பெரிய மீன்காட்சியகம் புயலைத் தாங்கி நின்றது. ஆனால், அதற்குப் பின்வந்த நாள்களில் மாற்று மின்சாரமும் நின்றுபோனது. பணியாளர்கள் வெளியேற வேண்டிய நிலை ஏற்பட்டது. அங்கிருந்த ஆயிரக்கணக்கான மீன்களில் பெரும்பாலானவை இறந்துபோயின. பென்குயின்களில் பெரும்பாலானவையும் கடல் நீர்நாய்களும் தப்பித்தன. அவை காற்றைச் சுவாசிப்பவை அல்லவா? அந்த மீன்களைக் கொன்றது காற்றின் வேகமன்று. அசையாமல் நின்ற நீர்.

எனவே, மீன்தொட்டிக்கான ஆயத்தத்தில் முதலிடம் காற்றுக்குத்தான். மின்கலத்தில் இயங்கும் சிறிய காற்றுப் பம்பு விலையுயர்ந்த பொருளன்று. மின்சாரம் நின்றவுடன் தானாகவே இயங்கத் தொடங்கும் வகையும் உண்டு. அதனுடன் குழாயும் காற்றுக்கல்லும் இருந்தால் போதும். குமிழிகள் மேலெழுந்து நீரை அசைத்துவிடும். மின்கலங்கள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா என்பதை மழை வருவதற்கு முன்பே ஓர் இரவு இயக்கிப் பார்க்க வேண்டும். அலமாரியில் இரண்டு வருடமாகக் கிடந்த மின்கலத்தை நம்பி இருட்டில் தடுமாறுவது வீண் வேலை. பம்பே இல்லாத வீட்டிலும் ஒரு வழி இருக்கிறது. சுத்தமான குவளையால் தொட்டி நீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து மீண்டும் தொட்டிக்குள்ளேயே ஊற்றலாம். சில நிமிடம் ஊற்றி, சற்று ஓய்வெடுத்து, மறுபடியும் ஊற்ற வேண்டும். கை வலிக்கும், வீட்டிலுள்ள எல்லாரும் முறைவைத்துச் செய்தால் ஓர் இரவைக் கடத்திவிடலாம்.

அடுத்தது வெப்பம். குளிர் நாடுகளில் மின்சாரம் போனால் தொட்டி குளிர்ந்துவிடுமே என்று அஞ்சுவார்கள். நம் ஊரில் அச்சம் நேர்மாறானது. பவளங்களுக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இதமாக இருக்கும். நீரைக் குளிர்விக்கும் கருவி நின்று, வெப்பம் 30 பாகையைத் தாண்டி நீடித்தால், பவளங்கள் தம் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகும். இதற்காகவே, குடிநீர்ப் போத்தல்களில் நீரை நிரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் முன்னரே உறையவைக்கலாம். மூடியை இறுக மூடி, போத்தலோடு தொட்டியில் மிதக்கவிட வேண்டும். பனிக்கட்டியை நேரடியாகப் போட்டால் நீரின் உப்பளவு மாறிவிடும். 200 லிட்டர் தொட்டியில் ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்று முழுதும் உருகினால் வெப்பம் ஏறத்தாழ 0.8 பாகை குறையும். ஆகவே, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போட வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்தாறு போத்தல்களைப் போட்டால் திடீர்க் குளிரே மீனுக்குத் துன்பமாகிவிடும்.

உணவைப் பற்றிச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் மீனுக்கு உணவு போடக் கூடாது. நலமான மீன் சில நாள்கள் உண்ணாமல் இருக்கும். ஆனால், போட்ட உணவும் கழிவும் அழுகினால் அமோனியா பெருகும். அதை மாற்றும் நுண்ணுயிர்களுக்கும் உயிர்வளி வேண்டுமே! பசியைவிட நஞ்சுதான் முந்திக்கொள்ளும். விளக்கைப் பற்றிக் கவலை வேண்டா. பவளங்களும் ஓரிரு நாள் இருட்டைத் தாங்கும்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் எச்சரிக்கை வந்த அன்றே நீரில் ஒரு பகுதியை மாற்றிவிடுவது நல்லது. கூடவே, ஒரு மூடிய வாளியில் உப்புநீரைக் கலந்து வைக்கலாம். புதிய மீன் வாங்குவதற்கு இது நேரமன்று. தொட்டிக்குக் கீழே இன்னொரு வடிகட்டித் தொட்டி இருந்தால், பம்பைச் சற்று நேரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். மேலிருந்து இறங்கும் நீர் முழுவதையும் கீழ்த்தொட்டி கொள்கிறதா? இல்லையென்றால், மின்சாரம் போன இரவில் வரவேற்பறைத் தரையிலும் ஒரு வெள்ளத்தைக் காண நேரும். மின்கம்பிகளையும் நீட்டிப்புச் செருகிகளையும் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர் அதை வீட்டுக்கு வெளியே, சன்னல்களிலிருந்து தள்ளித்தான் இயக்க வேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மீனைக் காக்கப் போய் வீட்டாரின் உயிருக்கே ஆபத்து வந்துவிடும். வெள்ளநீர் வீட்டுக்குள் ஏறத் தொடங்கினால் தொட்டியை அப்படியே விட்டுவிட்டு நிவாரண மையத்துக்குச் செல்ல வேண்டியதுதான்.

ஒரு மீனுக்காக இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் உண்டு. கடல்நீர்த் தொட்டிகளில் வாழும் மீன் இனங்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை அல்ல. பவளப் பாறைகளிடையே பிடிக்கப்பட்டு வந்தவை. இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளுக்கே உரிய சிறிய மீன் ஒன்று, தொட்டிகளுக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. கடலில் இருந்தவரையில் புயல் வந்தால் ஆழத்துக்குப் போக அவற்றுக்கு இடம் இருந்தது. கண்ணாடிச் சுவருக்குள் ஆழம் ஏது?

மின்சாரம் திரும்பியதும் எல்லாவற்றையும் உடனே இயக்கிவிடக் கூடாது. மூடிய வடிகட்டிக்குள் பல மணி நேரம் தேங்கிய நீரில் உயிர்வளி இருக்காது, நஞ்சுதான் சேர்ந்திருக்கும். அதைக் கொட்டி, வடிகட்டும் பொருள்களைத் தொட்டி நீரிலேயே அலசிய பிறகுதான் இணைக்க வேண்டும். முதலில் நீரை அசைக்கும் பம்பு, பிறகு வடிகட்டி, பிறகு குளிர்விக்கும் கருவி. அமோனியாவைச் சோதித்துப் பார்த்து, அது கூடியிருந்தால், வாளியில் காத்திருக்கும் உப்புநீரைக் கொண்டு ஒரு பகுதியை மாற்றலாம். விளக்கை மறுநாள் போட்டால் போதும். உணவும் மறுநாள்தான், அதுவும் ஒரு சிட்டிகை.