மாந்தோப்பில் ஒரு செம்புக் கம்பி

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, தாமிரபரணிக் கால்வாயோரம் எங்கள் மாந்தோப்பு இருக்கிறது. அங்கே வாப்பா கட்டிய வானொலி ஏரியல் ஆடிக் காற்றில் அறுந்துவிட்டதென்று கேள்வியுற்று, மத்ரஸா விடுமுறையில் போயிருந்தேன்.

1983 ஜூலைக் கலவரத்தின்போது சாச்சா கொழும்பில் கடை வைத்திருந்தார். கடிதமில்லை, தந்தியுமில்லை. ஊரில் மின்மோட்டார் இரைச்சல் சிற்றலையை விழுங்கிவிடும். மின்சாரம் எட்டாத தோப்பிலோ ஒலி தெளிவு. கிடையாகக் கட்டிய கம்பி, தன் பக்கவாட்டிலிருந்து வரும் அலையையே நன்கு ஏற்கும். கொழும்பு நமக்குத் தென்கிழக்கு. ஆதலால் வாப்பா கம்பியை வடகிழக்கு, தென்மேற்காக இழுத்தார். 25 மீட்டர் அலைக்கு அதில் பாதி, 12.5 மீட்டர் நீளம். ஈரக்கிளையில் படாதிருக்க முனைகளில் பீங்கான் உருளைகள். மரம் ஆடினால் கம்பி அறும் என்பதால், ஒரு முனைக் கயிற்றைக் கப்பியில் ஏற்றிக் கல்லைத் தொங்கவிட்டார்.

அக்கம்பி ஊரடங்குச் செய்திகளைத்தான் தந்தது; சாச்சாவைப் பற்றி ஒன்றுமில்லை. ஒன்றரை மாதம் கழித்து அவரே வந்து சேர்ந்தார், வெறுங்கையுடன்.

ஏறிப் பார்த்தேன். கப்பியை மரப்பட்டை மூடி வளர்ந்திருந்தது; கல் அசையவே வழியில்லை. பின் அறாமல் என்ன செய்யும்?

வாப்பா விரும்பிக் கேட்ட பிபிசி தமிழோசை வானொலியும் 2017-இல் நின்றுவிட்டது. ஆயினும் புதுக் கப்பி வாங்கிக் கட்டினேன். இரவு தொலைபேசியில் வாப்பா கேட்டது ஒன்றுதான்:

“கல்லைத் தொங்கவிட்டியா?”