ஹோஸ் பிடிக்கும் கை

நாசில் உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. ஆனால் கனம்; முழு ஸ்டீலில் கடைந்தது. முனையில் ஒரே ஒரு துளை. அடைப்பைக் குத்துவது அதுதான் என்று யாருக்கும் தோன்றும். திருப்பினால் ஹோஸ் மாட்டும் பக்கத்தைச் சுற்றி ஆறு துளைகள் இருக்கின்றன, எல்லாம் பின்னோக்கிச் சாய்ந்தவை. "வேலையெல்லாம் இந்த ஆறுதான் சார் பண்ணும். முன்னாடி இருக்கிறது சும்மா வழி விடச் சொல்லி கேக்கும், அவ்ளோதான்" என்றார் அதை என் கையில் கொடுத்தவர். ஐம்பதைக் கடந்த மனிதர். தண்ணீரில் ஊறி ஊறி அவருடைய விரல் நகங்கள் தடித்துப் பழுத்திருந்தன.

2024 டிசம்பரில் சென்னைக் குடிநீர் வாரியப் பணிகளுக்காக 213 கழிவுநீரகற்று வண்டிகளை, தூய்மைப் பணியாளர் குடும்பத்தாரையே உரிமையாளர்களாக ஆக்கி அரசு வழங்கியது. நான் பார்த்த படங்களில் எல்லாம் வண்டிகள் பளபளவென வரிசையாக நின்றன. அந்த வண்டிகளின் பின்னால் நின்று வேலை செய்பவரைப் பார்க்க வேண்டும் என்று, தொழிற்சங்கத்தில் இருக்கும் நண்பரிடம் கேட்டேன். அவர் அனுப்பி வைத்தது அந்த 213-இல் ஒன்றுக்கு அல்ல, நீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஒரு தனியார் ஜெட்ராடு வண்டிக்கு. "அங்கதான் எல்லாத்தையும் பாப்பீங்க" என்றார்.

திருவல்லிக்கேணி பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. மேலே மூன்று மாடி மேன்ஷன், கீழே ஒரு மெஸ். வளாகத்துக்குள் ஓடும் குழாய் அடைத்துக்கொண்டு, மெஸ் சமையலறைக்குப் பின்புறம் கறுப்புத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. லாரி சந்துக்குள் நுழையவில்லை. தெருமுனையில் நிறுத்திவிட்டு, ராட்டினத்திலிருந்து ஹோஸை உருவி உள்ளே இழுத்து வந்தார்கள். மூன்று பேர்: பெரியவர், ஆபரேட்டரான இளைஞர், ஒரு பையன். ஆபரேட்டர் பெரியவரை "மாமா" என்று கூப்பிட்டார். வாய்ப்பேச்சு மரியாதை என்று விட்டுவிட்டேன். சொந்த அக்கா மகன் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் வேலை மூடிகளைத் திறந்து போட்டுவிட்டுக் காத்திருப்பது. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒன்று. உள்ளே தேங்கிய காற்று வெளியேற வேண்டும். அந்த நேரத்தில் பம்ப், கியர் என்று ஆபரேட்டர் ஆர்வமாக விளக்கினார். எனக்கு ஏறியது இவ்வளவுதான்: கார் டயரில் அடைத்திருக்கும் காற்றைப் போல் அறுபது எழுபது மடங்கு அழுத்தத்தில், அதாவது சுமார் 150 பாரில், பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது. நாசில் துளையில் அது மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிப் பாயும். இவர்கள் பார் என்று சொல்வதில்லை, கிலோ என்கிறார்கள். "பழைய ஸ்டோன்வேர் பைப்பு, எண்பது கிலோவைத் தாண்டாத" என்று பெரியவர் கத்தினார். பழைய குழாயின் இணைப்புப் பூச்சை முழு அழுத்தம் பெயர்த்துவிடும். அடைப்பெடுக்கப் போய்க் குழாயை உடைத்தால் அந்தச் செலவு யார் தலையில் என்பது தனிச் சண்டை.

கீழ்ப்பக்கத்துத் தொட்டியிலிருந்து மேல்நோக்கித்தான் நாசிலை விடுகிறார்கள். இதில்தான் அந்த ஆறு துளைகளின் சாமர்த்தியம். பின்னால் பீய்ச்சும் நீர் நாசிலை முன்னால் தள்ளுகிறது. பெரிய வண்டிகளில் நிமிடத்துக்கு 200 லிட்டர் ஓடும்போது அந்த இழுவை ஐம்பது கிலோ எடைக்குக் கிட்டே வரும். யாரும் தள்ளாமல் ஹோஸைத் தானே இழுத்துக்கொண்டு குழாய்க்குள் ஏறுகிறது. திரும்பி வரும்போது அதே ஆறு துளைகள் சேற்றையும் கொழுப்பையும் கீழே வாரிக்கொண்டு வருகின்றன. துளையின் சாய்வைப் பொறுத்து நாசிலின் குணமும் மாறும். சாய்வு குறைவாக இருந்தால் நன்றாக இழுக்கும், விரிந்திருந்தால் சுவரை நன்றாகத் தேய்க்கும். ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் நான்கைந்து நாசில்களைப் பெரியவர் வைத்திருந்தார். எது எதற்கு என்று எழுதி வைக்கவில்லை, டப்பாவுக்குள் கையை விட்டுத் தடவியே எடுக்கிறார்.

நாசிலுக்குப் பின்னால் ஒரு முழ நீள இரும்புக் குழாயையும் மாட்டினார். எதற்கு என்றேன். "இல்லன்னா உள்ள போய் யூ-டர்ன் அடிச்சி நம்ம மூஞ்சிக்கே வந்துடும் சார்." குழாய் அகலமாகவும் நாசில் குட்டையாகவும் இருந்தால் இது நிஜமாகவே நடக்கும், பின்னால் விறைப்பான துண்டு இருந்தால் திரும்ப இடமிருக்காது. ஹோஸில் நாசிலிலிருந்து ஆறேழு அடி தள்ளிச் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. சுருட்டும்போது டேப் கண்ணில் பட்டால் உடனே அழுத்தத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் இழுத்தால் நாசில் துள்ளி வெளியே வந்து பாயும். அந்த நீர் தோலில் பட்டால் குண்டூசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் உள்ளே சாக்கடை நீர் சதைக்குள் புகுந்திருக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால் ஆகாது, அறுவை சிகிச்சை வரை போகும். பையன் டேப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பம்ப் உறுமியது. பெரியவர் ஹோஸை இரண்டு கையாலும் தளர்வாகப் பிடித்து நின்றார். வடசென்னையில் காத்தாடி விடுபவன் நூலைப் பிடிப்பானே, அந்தப் பிடி. விடுகிறார், நிறுத்துகிறார், ஓரடி இழுக்கிறார், மறுபடி விடுகிறார். குழாய்க்குள் நடப்பது அவருக்கு விரலில் தெரிகிறது. "இப்ப மண்ணு... இப்ப துணி... இதோ, இது எண்ணெ." துணியில் மாட்டினால் ஹோஸ் வெட்டி வெட்டி இழுக்குமாம், கொழுப்பில் மெத்தென்று முட்டி நிற்குமாம். என் கையையும் ஹோஸ் மேல் வைக்கச் சொன்னார். எனக்கு எல்லாம் ஒரே அதிர்வாகத்தான் இருந்தது.

திடீரென்று முதல் மாடியிலிருந்து ஓர் அலறல். குழாய்க்குள் காற்று அடைபட்டால், போக வழியில்லாமல் கழிப்பறைகள் வழியாகப் பீறிக்கொண்டு வரும். அறை அறையாகப் போய் "மூடிய மூடி வைங்க" என்று பையன் சொல்லிவிட்டு வந்திருந்தான். ஒருவர் மட்டும் காதில் இயர்போன் மாட்டியிருந்திருக்கிறார். துண்டோடு வராந்தாவில் நின்று அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

கீழ்த்தொட்டிக்கு வந்து சேர்ந்தவற்றை நின்று பார்த்தேன். மஞ்சள் படிந்த வெள்ளைக் கொழுப்புக் கட்டிகள், பாத்திரம் தேய்க்கும் நார், சானிட்டரி நாப்கின்கள், ஷாம்பூ பாக்கெட்டுகள், ஒரு பனியன். கொழுப்பெல்லாம் மெஸ்ஸின் கைங்கரியம். சூடாக ஊற்றும்போது எண்ணெய் தண்ணீரோடு ஓடிவிடுகிறது, குழாயில் ஆறியதும் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. ஜெட்டுக்கு மசியாத ஒன்றும் உண்டு: சிமென்ட். கட்டட வேலை முடிந்து கலவை கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடுவார்கள், அது உள்ளேயே இறுகிவிடும். அப்புறம் தோண்டுவதுதான் வழி.

டேங்க் 3,000 லிட்டர். நிமிடத்துக்கு 200 என்றால் கால் மணி நேரத்தில் காலி. ஆபரேட்டர் தண்ணீர் பிடிக்கப் போன இடைவேளையில் பெரியவர் டீ வாங்கிக் கொடுத்து, தன் கதையைச் சொன்னார்.

புளியந்தோப்பில் பிறந்தவர். பதினாலு வயதில் அப்பாவோடு பிளாச்சு தள்ளப் போனார். மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, ஒன்றோடு ஒன்றைக் கட்டி, ஒரு மேன்ஹோலிலிருந்து அடுத்த மேன்ஹோல் வரை குழாய்க்குள் தள்ளுவது. சிலாம்பு ஏறி உள்ளங்கை எப்போதும் புண். பிளாச்சுக்கு அசையாத அடைப்பு என்றால் ஆள் இறங்க வேண்டும். இவர் இறங்கியிருக்கிறார், மூச்சைப் பிடித்து முங்கியும் இருக்கிறார். "நாத்தம் அடிச்சா எனக்கு பயம் இல்ல சார். அடிச்சிக்கினே இருந்தது நின்னு போச்சுன்னா மேல ஏறிடுவேன்." ஹைட்ரஜன் சல்பைடின் இயல்பை இதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. குறைந்த அளவில் அழுகிய முட்டையாக நாறும். அளவு கூடினால் மூக்கின் மோப்பத்தையே மரக்கச் செய்யும். வாடை போய்விட்டது, நல்ல காற்று வந்துவிட்டது என்று நினைப்பவர் அங்கேயே சரிகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் சரிகிறார்.

அவருடைய அக்கா வீட்டுக்காரர் அப்படித்தான் போனார், ஒரு ஓட்டலின் செப்டிக் டேங்கில். கால் தவறி விழுந்ததாக எழுதி முடித்தார்கள். கழிவுநீர்க் குழியில் 1993-லிருந்து இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அலைந்து திரிந்து அந்தப் பணம் வந்தது. அதில் படித்து, டிரைவிங் லைசென்ஸ் எடுத்த மகன்தான் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கும் ஆபரேட்டர்.

அந்தத் தொகையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. ஆளை உரிய பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது; முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். இவ்வளவு இருந்தும், 1993 முதல் எடுத்த சாவுக் கணக்கில் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் தமிழ்நாடு.

ஏன் என்பதற்கு அந்தச் சந்திலேயே பாதி விடை கிடைத்தது. மேன்ஷன் மேனேஜர் கூப்பிட்டது தனக்குத் தெரிந்த பிளம்பரை. பிளம்பர் கூப்பிட்டது செல்போனும் விசிட்டிங் கார்டும் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு புரோக்கரை. புரோக்கர் கூப்பிட்டது வண்டி உரிமையாளரை. ஆறாயிரம் ரூபாய் பேசிய வேலையில், ஹோஸைப் பிடித்த கைக்கு அன்றைய கூலி 900, பேட்டா 200. நடுவில் இருப்பவர்கள் சந்துக்குள் எட்டியும் பார்க்கவில்லை. வண்டிக்குத் தேய்மானம் உண்டு, டீசல் உண்டு, தவணை உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். புரோக்கருக்கு என்ன தேய்கிறது? ஆள் இறங்கிச் செத்தால் போலீஸ் தேடும்போது இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். கமிஷன் வாங்கும்போது "என் வேலை" என்றவர், பிணம் விழுந்தால் "நான் நம்பர்தான் கொடுத்தேன்" என்பார். கையுறையும் பூட்ஸும் கொடுக்க வேண்டியது யார் என்றால் அதற்கும் அடுத்தவர்தான். பெரியவர் கையில் இருந்த உறையை அவரே மூர் மார்க்கெட்டில் வாங்கியிருந்தார், இடது கையில் கட்டைவிரல் கிழிந்திருந்தது. அந்த 213 வண்டிகளின் திட்டம் எனக்கு முக்கியமாகப் படுவதும் இதனால்தான். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும், கடனுக்கு 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. வேலை செய்யும் குடும்பமே வண்டிக்கும் சொந்தக்காரராகிறது. "நமக்கும் ஒண்ணு கெடச்சா இந்தப் பசங்க போனை எடுக்கவே மாட்டேன் சார்" என்றார் பெரியவர்.

இரண்டாவது டேங்கில் குழாய் திறந்துகொண்டது. மெஸ்ஸின் பின்புறம் நின்ற தண்ணீர் சடசடவென்று இறங்கியது. ஆனால் கொழுப்பும் துணியும் உருண்டு திரண்ட ஒரு பெரிய கட்டி, ஆறடி ஆழமுள்ள கீழ்த்தொட்டியின் வாயில் வந்து குந்திக்கொண்டது. ஜெட் அதை அங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. வெளியே எடுக்க உறிஞ்சும் வண்டி வேண்டும், அதற்குத் தனிக் காசு. மேனேஜர் குனிந்து பார்த்துவிட்டு, "ஆறடிதானே, டக்குனு எறங்கி எடுத்துடுங்களேன், ஐநூறு தர்றேன்" என்றார். சாதாரணமாகச் சொன்னார், இன்னொரு இட்லி கேட்கும் குரலில். புரோக்கரும் போனில் அதையே சொன்னார். பெரியவர் பதில் சொல்லவில்லை. ஆபரேட்டர் மட்டும், "எங்கப்பாகிட்டயும் இப்டித்தான் சார் சொன்னாங்க" என்றார்.

வண்டியிலிருந்து நீளக் கம்பியும் கொக்கியும் வந்தன. மூவரும் மேலே நின்றபடியே கட்டியைக் குத்திப் பிளந்து, துண்டு துண்டாகக் கொக்கியில் மாட்டி, வாளியில் ஏற்றினார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. இறங்கியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

கணக்கு முடிக்கும்போது மேனேஜர் ஒரு நியாயம் கேட்டார். மிஷினுக்குத்தானே ஆறாயிரம் பேசினோம், கடைசிக் கட்டியைக் கம்பியால்தானே எடுத்தீர்கள், ஐநூறு குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். புரோக்கர் போனிலேயே ஒப்புக்கொண்டார். அன்று மூவருக்கும் பேட்டா கிடைக்கவில்லை.