எட்டு மணி நேரப் பரீட்சை

பெங்களூர் என்றதும் உங்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும்? ஹைதர் அலி 1760-ல் போட ஆரம்பித்த லால்பாக் தோட்டம், விதான சௌதாவின் கம்பீரம், மைசூர் பட்டுக் கடைகள், நெய் மணக்கும் மசால் தோசை, சென்னை வெயிலுக்குப் பரிகாரமாக ஒரு குளிர்ந்த காற்று! இவற்றில் எதையும் ஏறெடுத்துப் பாராமல் வந்து போகிற யாத்ரிகர் கூட்டம் ஒன்று அந்த ஊருக்கு உண்டு என்றால் நம்புவீர்களா?

இரவு மெயிலில் சென்னையிலிருந்து ஏறினால், விடிவதற்குள் பெங்களூர். அந்த வண்டியிலிருந்து, கையில் ஒரே ஒரு பையும் கண்ணில் பல மாதத் தூக்கக் கடனுமாக இறங்கும் யாரையாவது பார்த்தால் சற்றுக் கவனியுங்கள். அவர் லால்பாக்குக்குப் போகமாட்டார். நேரே ஊரின் கிழக்கே, வெளிவட்டச் சாலைக்குப் போவார். அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கி, மறுநாள் காலை ஒரு பரீட்சைக்குப் போவார்.

அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களே ஒரு சரித்திரம். மாரத்தஹள்ளி, கடுபீசனஹள்ளி என்று வரிசையாக ஹள்ளிகள். கன்னடத்தில் ஹள்ளி என்றால் கிராமம். பெயரில் மட்டும் கிராமம் மிஞ்சியிருக்க, கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவே எறும்பு ஊர்வதுபோல் மோட்டார் வாகனங்கள். முதல் நாளே வந்து பக்கத்தில் தங்கிவிடுவதற்குக் காரணம் இந்த எறும்பு ஊர்வலம்தான்! இந்தச் சாலையை ஒட்டித்தான் சிஸ்கோ கம்பெனியின் பெரிய வளாகம் இருக்கிறது. அந்தக் கம்பெனி நடத்தும் சி.சி.ஐ.இ. என்ற பரீட்சைக்கு உலகில் விரல் விட்டு எண்ணத்தக்க ஊர்களில்தான் நிரந்தரக் கூடம். பெங்களூர் அவற்றில் ஒன்று.

அது என்ன பரீட்சை? உங்கள் வீட்டில் டெலிபோனைத் தொட்டால் அமெரிக்காவில் இருக்கும் பேரன் முகம் தெரிகிறது. பாங்கில் பணம் போட்டால் அடுத்த நொடியே செய்தி வருகிறது. இவையெல்லாம் ஆயிரக்கணக்கான யந்திரங்கள் வழியாகக் கை மாறிக் கை மாறி வருகின்றன. சந்திக்குச் சந்தி நின்று, "நீ இந்தப் பக்கம் போ, நீ அந்தப் பக்கம் போ" என்று வழிகாட்டும் போலீஸ்காரர்கள் என்று அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ரௌட்டர், ஸ்விட்ச் என்று அவற்றுக்குப் பெயர். இந்தப் போலீஸ்காரர்களுக்கெல்லாம் பாடம் சொல்லிக் கொடுக்கத் தெரியுமா என்று பார்ப்பதுதான் இந்தப் பரீட்சை.

சிஸ்கோ கம்பெனியை 1984-ல் ஆரம்பித்தவர்கள் ஒரு தம்பதி. லெனார்ட் போசாக், சாண்டி லெர்னர் இருவரும் ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையில் வெவ்வேறு இலாகாக்களில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக் கொண்டிருந்தவர்கள். சான் பிரான்சிஸ்கோ என்ற ஊர்ப் பெயரின் வாலை எடுத்துக் கம்பெனிக்குத் தலையாக வைத்தார்கள்! பரீட்சை 1993-ல் தொடங்கியது. தேறியவர்களுக்கு வரிசை எண் உண்டு. முதல் எண்ணான 1024 யாருக்குப் போயிற்று தெரியுமா? பரீட்சை நடந்த கூடத்துக்கே! மனிதர்களுக்கு 1025-லிருந்துதான். இன்று அந்த வரிசை 60,000-ஐத் தாண்டிவிட்டது. உலகம் முழுவதற்கும் முப்பது வருஷத்தில் இவ்வளவுதான் என்பதைக் கவனியுங்கள்.

கூடத்துக்குள் பரீட்சை எழுதுகிறவரைத் தவிர மற்றவர்களுக்கு அனுமதி கிடையாது. கேள்விகளை வெளியில் சொல்லமாட்டேன் என்று ஒப்பந்தம் வேறு. ஆனால் விதிகள் ரகசியமல்ல. முன்கூட்டியே ஓர் எழுத்துப் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். உள்ளே நுழையும்போது கைப்பேசி, குறிப்புப் புத்தகம் எல்லாம் வெளியே. மொத்தம் எட்டு மணி நேரம். நடுவே சாப்பாடு உண்டு. 2020-ல் மாற்றியமைத்தபடி முதல் மூன்று மணி நேரம் யோசனைக்கு. ஒரு கம்பெனியின் கடிதங்களையும் வரைபடங்களையும் கொடுத்து, "எப்படி அமைப்பாய், ஏன்?" என்று கேட்பார்கள். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. அடுத்த ஐந்து மணி நேரம் கைவேலை. அமைக்க வேண்டும், ஓட்ட வேண்டும், பழுது பார்க்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. கம்பெனியின் விளக்கக் குறிப்புகளைப் பரீட்சையின்போதே திறந்து பார்த்துக் கொள்ளலாம். "அப்படியானால் சுலபந்தானே!" என்கிறீர்களா? கல்யாணத்துக்கு முகூர்த்தம் நெருங்கிக் கொண்டிருக்கும்போது, ஐந்நூறு இலைக்குச் சமைக்கிற பரிசாரகர் சமையல் புத்தகத்தைப் புரட்டிக் கொண்டிருக்க முடியுமா? அப்படித்தான்!

கூடத்துக்கு வெளியே, பக்கத்துக் காபி ஹோட்டலில் ஒரு திருச்சி அம்மாளைச் சந்தித்தேன். மகள் உள்ளே இருந்தாள். இது இரண்டாவது தடவை.

"பிரசவ வார்டு வாசல்லே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு சார்" என்றார் அந்த அம்மாள். "ஒரு வருஷமா ராத்திரி இரண்டு மணிக்கு முன்னாலே அவ படுத்ததில்லை. குழந்தையை மாப்பிள்ளைதான் தூங்க வைக்கிறார். போன தடவை எங்கேயோ ஒரு சின்னத் தப்பு. அது எங்கேன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ளே மணி ஆயிடுச்சாம்."

"இந்தத் தடவை என்ன சொல்லி அனுப்பினீர்கள், அம்மா?"

"என்னத்தைச் சொல்றது சார்? எனக்கு அதிலே ஒரு அட்சரம் தெரியாது. பதறாதேன்னேன். அவ்வளவுதான்."

அட்சரம் தெரியாத அந்த அம்மாள் பரீட்சையின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன்.

ஓர் ஆபீஸில் ஸ்விட்சுகளுக்கு நடுவே ஒரு கம்பி அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்று இரண்டாவது கம்பியும் போடுவார்கள். அங்கேதான் ஆபத்து. கல்யாண வீட்டில், "சாம்பாரில் உப்பு இல்லையாம்" என்று ஒருவர் சொல்ல, அது வட்டம் சுற்றி அவர் காதுக்கே புதுச் செய்தியாகத் திரும்பி வர, அவர் மறுபடி நாலு பேரிடம் சொன்னால் எப்படி இருக்கும்? கம்ப்யூட்டர்களிலும் அதே கதை. ஒரு செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி, சில விநாடிகளில் ஆபீஸையே ஸ்தம்பிக்க வைத்துவிடும். இந்த வம்புக்கு மருந்து கண்டவர் ஒரு பெண்மணி. டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் இருந்த ராடியா பெர்ல்மன், 1985-ல். கூட்டுக் குடும்பம் போல யந்திரங்கள் தங்களுக்குள் ஒன்றைத் தலைவராக வரித்துக் கொள்ளும். அந்தத் தலைவரிடம் போகும் நல்ல வழி ஒன்றை மட்டும் திறந்து வைத்து, மற்றவற்றை மூடி வைக்கும். திறந்த வழி கெட்டால் மூடிய வழி தானே திறக்கும். தம் கண்டுபிடிப்பைப் பற்றி அவர் ஒரு கவிதையும் எழுதினார்! பரீட்சைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் அவருடைய முறை தண்ணீர் பட்ட பாடாக இருக்க வேண்டும்.

ஆக, இங்கே எதுவும் தனித்து நிற்பதில்லை. காலையில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்தால், அது மத்தியானம் வேறு எங்கோ தலை காட்டும். அப்போது பதறினால் சரியாக இருப்பதையும் கலைத்து விடுவோம். பதறாதவர்தான் ஒவ்வொரு படியாகத் திரும்பிப் போய்த் தம் தப்பைத் தாமே பிடிப்பார்.

பழைய நாளில் இது இன்னும் கொடுமை. 2001 வரை பரீட்சை இரண்டு நாள். கட்டி முடித்துவிட்டு இரண்டாம் நாள் சாப்பிடப் போனால், மேற்பார்வையாளர் வந்து, கட்டியதில் பல கோளாறுகளைச் செய்து வைத்துவிடுவார்! நீங்கள் பந்திக்கு ஆளழைக்கப் போன சமயத்தில், அடுக்களையில் யாரோ உப்பு ஜாடியையும் சர்க்கரை ஜாடியையும் மாற்றி வைத்தது போல. திரும்பி வந்து எல்லாவற்றையும் கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். 2021 அக்டோபர் 4 இரவு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒன்பது மணிக்குமேல் வாட்ஸப் ஊமையாகிவிட்டது. "என் போனில்தான் கோளாறு" என்று எத்தனை பேர் அணைத்து அணைத்துப் போட்டோம்! உலகம் முழுவதும் ஃபேஸ்புக் கம்பெனியின் எல்லா சேவைகளும் சுமார் ஆறு மணி நேரம் நின்று போயின. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்தக் கம்பெனியின் நிலையங்களை இணைக்கும் பாதைகள் அத்தனையையும் துண்டித்துவிட்டது. "எங்களிடம் வர வழி இது" என்று உலகத்துக்குச் சொல்லும் அறிவிப்பும் அதனால் மறைந்து போயிற்று. வீடு இருக்கிறது, விலாசம் இல்லை! அப்படி அறிவிக்கும் முறையே 1989-ல் இரண்டு என்ஜினீயர்கள் சாப்பாட்டு மேஜையில், கை துடைக்கும் காகிதத்தில் எழுதி உருவாக்கியது. இன்றைக்கும் இன்டர்நெட் அதன்மேல்தான் ஓடுகிறது. அந்த மாதிரி ராத்திரியில், கடிகாரம் ஓட ஓட, கை நடுங்காமல் உட்காருகிறவர் வேண்டுமல்லவா? அவரைப் பொறுக்கி எடுக்கத்தான் இந்த எட்டு மணி நேரம்.

கட்டணம் பல வருஷங்களாக 1600 டாலர். நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். தவறினால் குறைந்தது ஒரு மாதம் காத்திருந்து, மறுபடி முழுப் பணமும் கட்ட வேண்டும். முதல் தடவையிலேயே தேறுகிறவர்கள் குறைவு. தேறினாலும் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். முடிவு ஒன்றிரண்டு நாளில் வரும். திருச்சி அம்மாள் அதற்குக்கூடக் காத்திராமல் மகளோடு அன்றிரவே பஸ் ஏறுவதாக இருந்தார், குழந்தை காத்திருக்கிறதே!

உங்கள் வீட்டிலும் மகனோ மருமகளோ நடு இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையில் ஓடும் எழுத்துக்களை முறைத்துக் கொண்டிருக்கலாம். "என்ன படிப்போ!" என்று அலுத்துக் கொள்ளாதீர்கள். ஒரு டம்ளர் பாலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்துங்கள். பெங்களூரிலிருந்து திரும்பி வரும் நாளில், "தேறினாயா?" என்று வாசலிலேயே கேட்க வேண்டாம். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். மற்றதை அவர்களே சொல்வார்கள்.