சாவி யாரிடம் இருந்தது?

கஞ்சா வழக்கு என்றால் எதிரித் தரப்பு வக்கீல் முதலில் புரட்டுவது கைப்பற்றுதல் மகஜரைத்தான். எத்தனை மணி, எந்த இடம், யார் சாட்சி, தராசு எங்கிருந்து வந்தது. நான் சொல்லப்போகும் வழக்கில் இதெல்லாம் கச்சிதமாக இருந்தது. எழுதிய சார்பு ஆய்வாளர் அனுபவசாலி. குறுக்கு விசாரணையில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தும் அவரிடம் ஒன்றும் பெயரவில்லை.

புறவழிச்சாலையில் வாகனச் சோதனை. ஆட்டோவில் பயணி ஒருவர், அவர் காலடியில் இரண்டு சாக்கு மூட்டை, மொத்தம் 24 கிலோ. 20 கிலோவைத் தாண்டினால் அது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு சிறை, ஒரு லட்ச ரூபாய் அபராதம். பிணை குதிரைக்கொம்பு. ஆட்டோ ஓட்டியவர்தான் என் கட்சிக்காரர், இரண்டாம் எதிரி. சவாரிக்கு ஏற்றினேன், மூட்டையில் என்ன இருந்தது என்று தெரியாது என்றார். அப்படிச் சொன்னால் மட்டும் போதாது. பொருள் கைவசம் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், தெரியாமல் வைத்திருந்தேன் என்று நிரூபிக்கும் பாரம் எதிரியின் தலையில் விழும் சட்டம் இது.

விசாரணையில் மூட்டைகளைச் சான்றுப் பொருளாகக் குறியீடு செய்யக் கொண்டுவந்தார்கள். ஒரு மூட்டையின் அரக்கு முத்திரை உடைந்து பொடியாகி, சணல் கயிறு மறுபடி முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தது. எடை போடச் சொல்லி மனுக் கொடுத்தோம். இரண்டும் சேர்ந்து 19 கிலோவுக்குக் கீழே காட்டியது. என் ஜூனியருக்குத் தலைகால் புரியவில்லை. வணிக அளவே போய்விட்டதே!

அரசு வக்கீல் அசரவில்லை. பச்சையாகப் பிடித்த செடி, இரண்டு வருடத்தில் காய்ந்தால் எடை குறையும் என்றார். அது உண்மைதான். நீதிபதியும் தலையசைத்தார். எடைக் குறைவை மட்டும் பிடித்துத் தொங்கும் வக்கீல்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். காய்ந்ததா, களவுபோனதா என்பதைத் தராசு சொல்லாது. பிடித்த நாள் முதல் அந்த மூட்டை யார் பொறுப்பில், எந்தப் பூட்டுக்குள் இருந்தது என்பதைக் கேட்டால்தான் பதில் வரும். படிவம் 95-இல் பொருள் நீதிமன்றத்துக்கு வந்தது பிடித்து 26 நாள் கழித்து. அந்த 26 நாளும் அது காவல் நிலையத்தில்.

அந்த நிலையத்தின் பிராப்பர்ட்டி ரூமை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். வேறொரு கட்சிக்காரரின் மோட்டார் சைக்கிளை நீதிமன்ற உத்தரவோடு திரும்ப எடுக்கப் போனபோது சாவிக்கொத்தைத் தேடி உள்ளே கூட்டிப்போனார்கள். பழைய குடியிருப்பின் சமையலறை அது. மேடை மேல் அரிவாள்கள், சீட்டுக் கழன்ற சாராய பாட்டில்கள், ரத்தம் காய்ந்த வேட்டி பொட்டலமாய், ஒரு பித்தளை அண்டா நிறைய செல்போன்கள். அந்த அண்டா எந்தக் குற்ற எண்ணில் வந்தது என்று கேட்டிருந்தால் அதற்கும் பதில் இருந்திருக்காது. வெளியே முற்றத்தில் வண்டிகளுக்குள் கொடி படர்ந்து கிடந்தது. வாகனங்களை இப்படி மக்கவிடாதீர்கள், புகைப்படமும் பத்திரமும் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. கொடிக்கு அது தெரியாது.

போதைப்பொருளுக்குச் சட்டம் இன்னும் கறாரானது. 55-ஆவது பிரிவின்படி கைப்பற்றிய பொருளைப் பொறுப்பில் எடுத்துப் பத்திரமாக வைக்க வேண்டியவர் நிலையப் பொறுப்பு அதிகாரி. மாதிரிகளில் அவருடைய முத்திரையும் விழ வேண்டும். இது வழிகாட்டும் விதிதான், மீறினாலே வழக்கு செத்துவிடாது. ஆனால் விசாரணை அதிகாரி இவற்றை அடியோடு கைவிட முடியாது என்று 2001-இல் குர்பக்ஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்த எதிரியை விடுவித்தது. 2016 ஜனவரியில் மோகன்லால் வழக்குத் தீர்ப்பு ஒரு படி மேலே போனது. போதைப்பொருளுக்கென்றே தனிக் கிடங்கு, பெட்டக அறை, இரட்டைப் பூட்டு, ஒவ்வொரு கிடங்குக்கும் பொறுப்பான ஓர் அதிகாரி; இதற்கெல்லாம் ஆறு மாதக் கெடு. எங்கள் வழக்கு விசாரணைக்கு வந்தபோது அந்தக் கெடு முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

நிலையத்தின் சொத்துப் பதிவேட்டையும் பொது நாட்குறிப்பையும் வரவழைக்க அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆவது பிரிவில் மனுப் போட்டேன். ‘வழக்கை இழுத்தடிக்கும் முயற்சி’ என்று எதிர்ப்பு. நீதிபதி அனுமதித்தார். பதிவேடு வந்த அன்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். மூட்டைகள் பிடிபட்ட தேதியில் பதிவே இல்லை. ஒன்பது நாள் கழித்து, ஒரு மொபெட் திருட்டுப் பொருளுக்கு அடுத்த வரியில் இருந்தது. கடைசிக் கட்டத்தில், மாதாமாதம் ஆய்வாளர் பார்வையிட்டதற்கான கையெழுத்து. மூன்று மாதக் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு. அதில் ஒரு தேதியில் அந்த ஆய்வாளர் வேறு மாவட்டத்தில் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்ததாகப் பொது நாட்குறிப்பு சொன்னது.

நிலைய எழுத்தர் கூண்டில் ஏறினார். தலைமைக் காவலர், ஓய்வுக்கு நெருங்கியவர். இங்கே நான் குரலை உயர்த்தவில்லை. ரைட்டர்களிடம் அது பலிக்காது. காலம் முழுக்க அதிகாரிகளின் குரலைக் கேட்டுப் பழகியவர்கள்.

“பிராப்பர்ட்டி ரூம் சாவி யாருகிட்ட இருக்கும்?”

“எங்கிட்டதாங்கய்யா.”

“நீங்க லீவுல போனா?”

“பாரா டியூட்டியில இருக்கவர்கிட்ட குடுத்துட்டுப் போவேன்.”

“உங்களைச் சாவி வச்சுக்கச் சொல்லி எழுத்துல உத்தரவு இருக்கா?”

“இல்லீங்கய்யா. இன்ஸ்பெக்டர் ஐயா வாய்மொழியாச் சொன்னது.”

“அந்த ஒன்பது நாளும் மூட்டை எங்க இருந்துச்சு?”

அவர் அரசு வக்கீலைப் பார்த்தார். பிறகு நீதிபதியைப் பார்த்தார். “ரூம்ல எடமில்லீங்கய்யா. என் டேபிளுக்குக் கீழதான் இருந்துச்சு. ரெண்டு தடவ கூட்டுறதுக்காக நகட்டி வச்சாங்க. அப்பதான் அரக்கு உடைஞ்சிருக்கணும்.”

நீதிபதியின் பேனா நின்றது. அரசு வக்கீல் எழுந்து, சாட்சியை மறு விசாரணை செய்யவில்லை என்றார். இந்த மனிதர் ஒரு பொய் சொல்லியிருந்தால், ‘அறையில்தான் இருந்தது, எழுத மறந்துவிட்டேன்’ என்று சொல்லியிருந்தால், என் கட்சிக்காரர் உள்ளே போயிருக்க நிறைய வாய்ப்பு இருந்தது.

அடுத்து வந்த ஆய்வாளர், பார்வையிட்டேன் என்றார். எதைப் பார்த்தீர்கள் என்றேன். பதிவேட்டை என்றார். அறையைத் திறந்து, பதிவேட்டில் உள்ள பொருள் அங்கே இருக்கிறதா என்று ஒப்பிட்டீர்களா என்றேன். “வழக்கமா ரெஜிஸ்டர்தான் பார்ப்போம்.” பந்தோபஸ்துத் தேதியைக் கேட்கவே தேவைப்படவில்லை, ஆனாலும் கேட்டேன். நினைவில்லை என்றார்.

சில வருடம் கழித்து எலிக் கதைகள் வந்தன. 2022-இல் உத்தரப் பிரதேசத்தின் மதுராவில், 500 கிலோவுக்கு மேல் கஞ்சாவை எலி தின்றுவிட்டதாகப் போலீஸ் நீதிமன்றத்தில் சொன்னது. 2023-இல் சென்னையில் 22 கிலோ கஞ்சா வழக்கில் இரண்டு பேர் விடுதலை ஆனார்கள், காரணம் அதே எலி. நாடே சிரித்தது. எனக்கென்னவோ எலி நம்பத்தகாத சாட்சியாகத் தோன்றவில்லை. அந்தச் சமையலறையைப் பார்த்தவன் நான். எலி உள்ளே போனதை எத்தனை மாதமாக யாரும் பார்க்கவில்லை என்பதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் வழக்கில் இரண்டு எதிரிகளும் விடுதலை. ஆய்வகம் பார்த்த மாதிரியும் நீதிமன்றம் பார்த்த மூட்டையும் ஆட்டோவில் பிடித்ததுதான் என்று சந்தேகமற நிரூபிக்கப்படவில்லை என்றது தீர்ப்பு. நகல் ஒன்றைக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, பொருள் பாதுகாப்பில் நடந்த குறைகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. முதலாம் எதிரியைப் பற்றி எனக்கு இன்றும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. அதற்காகத் தீர்ப்பு தவறாகிவிடாது.

மூன்று மாதம் போயிருக்கும். நீதிமன்ற வராந்தாவில் அந்த எழுத்தர் மஃப்டியில் நின்றிருந்தார். காவல் துறை ஒழுங்கு நடவடிக்கைக்கான 3(அ) விதியில் அவருக்குக் குற்றக் குறிப்பாணை வந்திருந்தது. பொருளைப் பாதுகாக்கத் தவறினார், பதிவேட்டில் காலதாமதமாகப் பதிந்தார் என்று இரண்டு குற்றச்சாட்டு.

“இன்ஸ்பெக்டருக்கு?” என்றேன்.

“அவரு புரமோஷன்ல டி.எஸ்.பி.யாப் போயிட்டாருங்க சார்.”

எழுத்தருக்கு நான் ஆஜராக முடியாது. ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. நான் செய்த குறுக்கு விசாரணையின் சான்றிட்ட நகல் வேண்டும், எப்படி வாங்குவது என்றுதான் கேட்டார். சாவியை எழுத்து உத்தரவில்லாமல் தன்னிடம் கொடுத்ததும், ஆய்வாளர் அறையைத் திறந்தே பார்க்காததும் வேறெந்தக் காகிதத்திலும் இல்லை. மூன்றாம் நபர் நகல் மனு எப்படி எழுதுவது என்று என் குமாஸ்தா சொல்லிக்கொடுத்தார்.

விளக்கத்தோடு அதை இணைத்துக் கொடுத்தாராம். கண்டனத்தோடு முடிந்தது. சாவியை எழுத்து உத்தரவு தந்தால் மட்டும் வாங்கிக்கொள்வதாகப் புதிதாக வந்த ஆய்வாளரிடம் சொல்லியிருக்கிறார். அவர் உத்தரவு எழுதவில்லை. சாவியைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.