கடல் கடந்த கணக்கேடு

கடல் கடந்து சென்று பொருள் தேடுதல் யாழ்ப்பாணத்தவர்க்குப் புதிதன்று. எமது பாட்டன்மார் மலாயாவுக்குச் சென்று, புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் கடமையாற்றித் தேடிய பொருளால் எழுந்த கல்வீடுகள் எத்தனையோ ஊர்களில் இன்றும் நிற்கின்றன. ஆனால், கடல் கடந்து சென்று பொருளைச் செலவிடுதல் எமக்கு இன்னமும் கைவராத கலையாகும். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது பழமொழி. ஆறென்று சொல்ல வழுக்கியாறு ஒன்றையன்றி வேறறியாத குடாநாட்டினராகிய நாமும் அதனைத் தவறாது சொல்லி வருகின்றோம். ஆறு ஒன்றாயின் அளத்தல் எளிது. ஆறுகள் மூன்றாகி, ஒவ்வொன்றிற்கும் வெவ்வேறு படிகொண்டு அளக்க நேர்ந்தால் யாது செய்வது? தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் என்னும் மூன்று நாடுகளையும் ஒரே விடுமுறையிற் கண்டுவர விரும்பிய எமது குடும்பத்தின் முன் நின்ற வினா இதுவேயாகும்.

இவ்விருப்பம் எமது உள்ளத்தில் முளைத்தது 2016 ஆம் ஆண்டில். ஆசிரியர் வேதனத்தில் வீட்டுச் செலவு போக எஞ்சியதைச் சீட்டிலும் சேமிப்பிலும் இட்டு வந்தோம். 2020 இற் புறப்படலாம் என்றிருந்த வேளையில் பெருந்தொற்று வந்து உலகின் கதவுகளையெல்லாம் சாத்தியது. அது தணியுமுன் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவுக்கு விற்ற அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. சேமிப்புப் புத்தகத்தில் ஒரு சதமேனும் குறையவில்லை. ஆயினும், முன்னர் ஒன்பது டொலர் வாங்கிய அதே தொகை இப்பொழுது ஐந்து டொலரையே வாங்கியது. மாணவர்க்கு நாணயப் பெறுமதி வீழ்ச்சியைக் கற்பிப்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை. கற்பிப்பவரின் சேமிப்பே உதாரணமாயிற்று என்பது தான் வருந்தத்தக்கது.

இன்னும் சில ஆண்டுகள் பொறுத்தால் தொகை வளரலாம். ஆனால் எமது தாயாருக்கு வயது எழுபத்தாறு. அவருடைய முழங்கால்கள் அதுவரை பொறுத்திருக்கும் என்பதற்குப் பிணை நிற்பவர் எவர்? ஆகவே, 2025 ஆம் ஆண்டின் பாடசாலை விடுமுறையொன்றில், பதினைந்து இலட்சம் ரூபாவை எல்லையாக வகுத்துக்கொண்டு, தாயாரும் நாமும் இல்லாளும் மக்கள் இருவருமாக ஐவர், பத்து இரவுகளுக்குப் புறப்படுவதென முடிவாயிற்று.

திட்டத்தை நாடுவாரியாக வகுக்காமல் முதலிற் செலவின் வகைகொண்டு வகுத்தோம். விமானச் சீட்டுக்கும் பயணப் பொதிக்கும் 550,000 ரூபா, தங்குமிடத்துக்கு 375,000, உணவுக்கு 200,000, உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் காட்சிகளுக்கும் 225,000, எஞ்சிய 150,000 எதிர்பாராச் செலவுக்கு. மொத்தத்திற் பத்தில் ஒரு பங்கினை இவ்வாறு ஒதுக்குதல் வீண் என்று எமது மகன் வாதிட்டான். பெயரில்லாத செலவுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பது எமது கட்சி. அந்த ஓரிடமே பின்னர் பயணத்தின் உயிராயிற்று.

அயல்நாட்டிற் செலவுகள் முன்வாயிலால் மட்டும் வருவதில்லை, பின்வாயிலாலும் வரும். மலிவு விமானங்களின் சீட்டு விலை கண்ணைக் கவரும். ஆனால் கையிற் கொண்டுசெல்லும் ஏழு கிலோவுக்கு மேற்பட்ட பொதிக்கு வேறு கட்டணம், விரும்பிய ஆசனத்துக்கு வேறு கட்டணம். மலேசியாவில் அயல்நாட்டவர் தங்கும் ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வோர் இரவுக்கும் பத்து ரிங்கிற் சுற்றுலா வரி 2017 ஆம் ஆண்டு முதல் அறவிடப்படுகின்றது. இரண்டு அறைகள், நான்கு இரவுகள் என்றால் எண்பது ரிங்கிற். சிங்கப்பூர் உணவகங்கள் சிலவற்றின் விலைப்பட்டியலில் எண்ணின் அருகே இரண்டு கூட்டற்குறிகள் நிற்கும். அவற்றை அலங்காரமென்று எண்ணுதல் கூடாது. முதலாவது பத்து வீதச் சேவைக் கட்டணம். இரண்டாவது, 2024 ஆம் ஆண்டு முதல் ஒன்பது வீதமாகிய பொருள் சேவை வரி. அவ்வரி சேவைக் கட்டணத்தின் மீதும் ஏறும். ஆகவே பத்து டொலர் உணவுக்குக் கொடுக்க வேண்டியது 11 டொலர் 99 சதம். இவற்றையெல்லாம் முன்னரே அறிந்து திட்டத்தில் எழுதி வைத்தால், அங்கே சென்று திகைக்க வேண்டியதில்லை.

அடுத்தது நாணய மாற்று. எமது பாட்டனார் மலாயாவில் வாழ்ந்த காலத்தில் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஒரே டொலரே வழங்கிற்று. 1967 இல் அது பிரிந்தது; பிரிந்த பின்பும் சில காலம் ஒன்றுக்கொன்று சமமாகவே மாறியது; 1973 இல் அவ்வுறவும் முடிந்தது. இன்று ஒரு சிங்கப்பூர் டொலருக்கு மூன்று ரிங்கிற்றுக்கு மேல் கிடைக்கின்றது. ஒரு வயிற்றிற் பிறந்த இரு நாணயங்கள் இவ்வளவு விலகி நிற்பதைப் பொருளியல் பயிலும் மாணவர் ஆராய்தல் நன்று. எமது தேவைக்கோ எளிய வாய்பாடொன்று போதுமாயிருந்தது: பாத் ஒன்று ஒன்பது ரூபா, ரிங்கிற் ஒன்று எழுபது ரூபா, சிங்கப்பூர் டொலர் ஒன்று இருநூற்று முப்பது ரூபா. புறப்பட்ட காலத்து ஏறத்தாழ நிலவிய இவ்விகிதங்களைப் பயணம் முடியும்வரை கணக்கில் மாற்றுவதில்லை என்று உறுதி செய்தோம். அளவுகோல் நாள்தோறும் நீண்டும் குறுகியும் வந்தால், திட்டத்தையும் செலவையும் ஒப்புநோக்குவது எங்ஙனம்? ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய பணம் தனித்தனிக் கடித உறையில் இடப்பட்டது. சிங்கப்பூர் உறையைப் பாங்கொக்கிலே திறத்தல் ஆகாது என்பது சட்டம்.

உயர்தர வகுப்பில் வர்த்தகம் பயிலும் எமது மகளே பொருளாளர். நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியொன்றில் அவள் ஐந்து நிரல்கள் கீறினாள்: திகதி, செலவின் விபரம், அந்நாட்டு நாணயம், ரூபா, மீதி. வங்கி அட்டையாற் செலுத்தியவற்றைச் சிவப்பு மையினால் எழுதினாள். ஏனெனில் அவற்றுக்குரிய வங்கிக் கட்டணம் நாம் வீடு திரும்பிய பின்னரே தெரியவரும். அட்டையைக் கொடுக்கும்போது, ரூபாவிலே செலுத்துவதா அந்நாட்டு நாணயத்திலே செலுத்துவதா என்று சில இயந்திரங்கள் வினவும். ரூபாவைக் கண்டதும் மனம் அப்பக்கம் சாய்வது இயல்பு. எனினும் அந்நாட்டு நாணயத்தையே தெரிதல் வேண்டும். ரூபாவைத் தெரிந்தால் மாற்று விகிதத்தை இடையில் நிற்பவர் வகுப்பார். அவருடைய இலாபமும் அதனுள் அடங்கும்.

இவ்வளவு ஒழுங்குகளோடு பாங்கொக் சென்ற எமக்கு, கணக்கேட்டில் இடம்பெறாத துன்பமொன்று அங்கே காத்திருந்தது. பெரிய அரண்மனையைக் காண்பதற்கு அயல்நாட்டவர் ஒருவருக்கு 500 பாத் கட்டணம். ஐவருக்கும் 22,500 ரூபா என்று மகன் வாயிலிலேயே பெருக்கிச் சொன்னான். அதைக் கேட்ட தாயார், "எனக்கு உள்ளுக்கை வர ஏலாது தம்பி, நான் இந்த மரத்தடியிலை இருக்கிறன்" என்றார். வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். மாலையில் பழச்சாறு வேண்டாம் என்றார். இரவிலே பசியில்லை என்றார். மறுநாட் காலையிலும் அவ்வாறே. வெயிலின் களைப்பென்று நாம் கருதியிருக்க, உண்மையைக் கண்டு சொன்னவள் மகள். "அப்பா, அப்பாச்சிக்குப் பசிக்குது. தம்பி ஒவ்வொண்டுக்கும் ரூபாக் கணக்குச் சொல்லுறபடியால்தான் வேண்டாம் எண்டு சொல்லுறா" என்றாள்.

வறுமையை அறிந்து வளர்ந்த முதியவர்களின் இயல்பு இது. தமக்காகச் செலவிடப்படும் ஒவ்வொரு ரூபாவையும் அவர்கள் பிள்ளைகளின் வாயிலிருந்து பறித்ததாகவே எண்ணுவர். வாய்விட்டுச் சொல்லமாட்டார், வயிற்றைச் சுருக்கிக்கொள்வர். மூன்று நாடுகளைக் காட்டுவதற்கென்று அழைத்துவந்த தாயை மூன்று நாடுகளிலும் பட்டினி போடுவதற்கோ நாம் கணக்கு எழுதினோம்?

அன்றிரவே இரண்டு விதிகள் பிறந்தன. பகலில் ரூபாக் கணக்கை எவரும் வாயாற் சொல்லுதல் ஆகாது. இரவிலே, படுக்கைக்குப் போகுமுன், அன்றைய கணக்கு முழுவதையும் மகள் யாவரும் கேட்க வாசித்தல் வேண்டும். எஞ்சியிருப்பதையும் சொல்லுதல் வேண்டும். முதலிரண்டு இரவுகளும் தாயார் மௌனமாகக் கேட்டிருந்தார். கோலாலம்பூரை அடைந்த இரவில், உணவுக்கென ஒதுக்கியதில் மிச்சம் நிற்பதையும், எதிர்பாராச் செலவுக்கான தொகை தொடப்படாமல் இருப்பதையும் மகள் வாசித்து முடித்தாள். சிறிது நேரம் கழித்துத் தாயார் கேட்டார்: "தம்பி, செந்தூல் இஞ்சையிருந்து கனதூரமே? போய்வர எவ்வளவு முடியும்?"

செந்தூல் மலாயாப் புகையிரதப் பகுதியின் பெரிய தொழிற்சாலைகள் இருந்த இடம். எமது பாட்டனார் அங்கே எழுதுவினைஞராக இருந்தார். தாயார் பிறந்ததும் அங்கேதான். ஏழு வயதில், பாட்டனார் இளைப்பாறிய பின், 1956 இல் ஊருக்கு வந்தவர், மீண்டும் அம்மண்ணை மிதித்ததில்லை. பயணத்தைத் திட்டமிட்ட மாதங்களில் எல்லாம் இவ்விருப்பத்தை அவர் எவரிடமும் சொல்லவில்லை. பணம் மீந்திருக்கின்றது என்று தம் காதாற் கேட்ட பின்னரே கேட்கத் துணிந்தார்.

பத்துமலைக்குச் செல்லும் மின்சாரப் புகையிரதம் செந்தூலில் நின்றே செல்கின்றது. மறுநாள் முதலிற் பத்துமலைக்குச் சென்றோம். 2006 இல் நிறுவப்பெற்ற 140 அடி உயர முருகனின் திருவடியில் தாயார் அமர்ந்திருக்க, பிள்ளைகள் 272 படிகளையும் ஏறி வந்தனர். திரும்பும் வழியிற் செந்தூலில் இறங்கினோம். இரண்டாம் உலகப் போரிற் குண்டுவீச்சுக்கு ஆளாகி மீண்டெழுந்த அத்தொழிற்சாலைகள் இப்பொழுது அங்கில்லை. பணி வேறு ஊருக்கு மாறிவிட்டது. பழைய புகையிரதக் கட்டடமொன்று 2005 முதற் கலையரங்காக விளங்குகின்றது. தாம் வாழ்ந்த வீட்டுவரிசையைத் தாயாரால் அடையாளங் காண முடியவில்லை. பெரிய மரமொன்றின் நிழலிலே நின்று, "பின்னேரம் சங்கு ஊதும். ஊதினாப் பிறகு அப்பா வருவார்" என்று மட்டும் சொன்னார். அருகேயிருந்த கடையில் ஐவரும் தேநீர் அருந்தினோம். பசிக்கின்றது என்று தாயார் தாமாகவே சொல்லி, இரண்டு தோசையும் உண்டார். அன்றிரவு மகள் எழுதிய வரி: "செந்தூல், தேநீரும் தோசையும், 23 ரிங்கிற்."

சிங்கப்பூருக்குப் பஸ்ஸிலே சென்றோம். மூன்று நாடுகளிலும் விலைவாசி மிகுந்த அந்நகரில், விலையில்லாதவற்றைத் தேடிக் காண்பதே எமது திட்டம். 1827 இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோவிலுக்குக் கட்டணமில்லை. 2015 இல் உலக மரபுரிமைத் தலமாகிய தாவரவியற் பூங்காவுக்கும் கட்டணமில்லை. கியூ தோட்டத்திலிருந்து 1876 இல் இலங்கையின் ஹேனரத்கொடைக்கும், 1877 இல் சிங்கப்பூருக்கும் வந்த இறப்பர்க் கன்றுகளின் கதையை அங்கே பிள்ளைகளுக்குக் கூறினோம். இறப்பரும் ஈயமும் இன்றேல் மலாயாவில் அத்துணைப் புகையிரதப் பாதைகள் ஏது? பாதைகள் இன்றேல் பாட்டனாரின் உத்தியோகம் ஏது? குழாய்நீரை அச்சமின்றி அருந்தலாம் என்பதனால், பாங்கொக்கில் நாள்தோறும் போத்தல் நீருக்குச் சென்ற பணமும் அங்கே மிஞ்சியது.

வீடு திரும்பி, வங்கியின் கணக்கும் வந்து சேர்ந்த பின், மகள் ஏட்டை முடித்தாள். விமானச் செலவு திட்டப்படியே 550,000. தங்குமிடம், அட்டைக் கட்டணத்தினால் 11,000 கூடி 386,000. உணவு 29,000 குறைந்து 171,000. போக்குவரத்தும் காட்சியும் 58,000 கூடி 283,000. தாயாரின் முழங்காலை எண்ணி வாடகைக் காரில் ஏறிய தூரங்களே அதற்குக் காரணம். ஆக மொத்தம் 1,390,000 ரூபா. எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கியதில் 40,000 சென்று, 110,000 மீண்டது.

கணக்கெழுதுதல் கஞ்சத்தனத்தின் அடையாளம் என்று கருதுவோர் உளர். மறைத்து வைத்த கணக்குத்தான் வீட்டில் உள்ளவர்களைக் கஞ்சராக்கும். குடும்பத் தலைவர் ஒருவர் மட்டும் அறிந்த கணக்கில், மற்றையோர் செலவையே காண்பர், மீதியைக் காணார். மீதியை அறியாதவர் அஞ்சுவர். அஞ்சுபவர் பசியையும் மறைப்பர், ஆசையையும் மறைப்பர். ஆகவே, அயல்நாடு செல்லவிருக்கும் குடும்பத்தினர் திட்டத்தை முன்னரே எழுதுக. பத்தில் ஒன்றை ஒதுக்குக. செலவை அன்றன்றே குறிக்க. அவற்றினும் மேலாக, அந்த ஏட்டை இரவிலே உரத்து வாசிக்க. வீட்டில் முதியவர் இருப்பின், மீதித் தொகையை இருமுறை வாசிக்க.